பொகேமியா: ஒரு நாட்டுப் பெயரின் கதை

(யூபிலி ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் ஆலயத்தின் இடப்புறப் பீடத்திலே பிராக் நகர்க் குழந்தை இயேசுவின் திருச்சொரூபம் இருப்பதை அறிவீர்கள். "சாமி, பிராக் எங்கே இருக்கிறது?" என்று மறைக்கல்வி வகுப்புச் சிறுவன் ஒருவன் நம்மிடம் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலையே இன்று சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

பிராக் இன்றைய செக் குடியரசின் தலைநகர். அந்நாட்டின் மேற்குப் பாகத்துக்கு நெடுங்காலமாக வழங்கி வரும் பெயர் பொகேமியா. கிறிஸ்து பிறப்பதற்கு முன் அங்கே போயி என்னும் கெல்டிய இனத்தார் வாழ்ந்தனர். அவ்வினப் பெயருக்கு 'மாடுகளை உடையோர்' என்று சிலரும், 'போர்வீரர்' என்று சிலரும் பொருள் கூறுவர். ஜெர்மானியர் அந்நிலத்தைப் 'போயிகளின் வீடு' என்று அழைத்தனர். ஆங்கிலத்தில் 'ஹோம்' என்கிறோமே, அதுவும் இப்பெயரின் பிற்பகுதியும் ஒரே வேரில் பிறந்தவை.

போயிகள் போயினர், மார்க்கொமன்னர் என்ற ஜெர்மானியர் வந்தனர். கி.பி. 98-ஐ ஒட்டி எழுதிய ரோமைச் சரித்திர ஆசிரியர் தாசித்துஸ், குடிகள் மாறியும் பெயர் மாறவில்லை என்பதைக் குறித்து வைத்தார். 6-ஆம் நூற்றாண்டில் ஸ்லாவியர் குடியேறினர். அவர்கள் வழிவந்த மக்கள் தம் மொழியில் அந்நிலத்தைச் 'செக்கி' என்பர். செக் என்ற முன்னோர் ரிப் குன்றின்மேல் நின்று அதைத் தம் மக்களுக்குக் காட்டினார் என்பது அவர்களது மரபுக்கதை. வெளியார் நாவிலோ, மறைந்துபோன போயிகளின் பெயரே நிலைத்துவிட்டது.

இனிமேல்தான் நம் நெஞ்சைத் தொடும் பகுதி வருகிறது. 1427-ல் ரோமா மக்கள் பாரீஸ் நகரை அடைந்தனர். நம் இந்திய மண்ணிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்டவர்கள் இவர்கள் என்பதற்கு அவர்களது மொழியே சாட்சி. பொகேமிய மன்னர் பட்டமும் தாங்கிய சிகிஸ்மண்டின் பாதுகாப்புக் கடிதங்கள் அவர்களில் சிலரிடம் இருந்தன. அதனால்தான் பிரெஞ்சுக்காரர் அவர்களைப் 'பொகேமியர்' என்றனர் என்பர். நாளடைவில் அது நாடோடி, ஒழுங்கற்றவன் என்ற இழிபெயராயிற்று. 19-ஆம் நூற்றாண்டிலே, கட்டுப்பாடின்றி வாழ்ந்த ஏழைக் கலைஞர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

இழிபெயர் வெறும் பேச்சோடு நிற்பதில்லை. நாஜிகளின் ஆட்சியில், பொகேமியாவிலேயே லெட்டி என்ற ஊரில் 1942-லும் 1943-லும் ரோமா குடும்பங்களை முகாமில் அடைத்தனர். பலர் அங்கேயே மாண்டனர்; பலர் ஆவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் 1970-களில் அவ்விடத்தில் ஒரு பன்றிப் பண்ணை எழுந்தது. அதை அகற்றி நினைவிடம் திறக்க 2024 வரை ஆயிற்று! இந்த ரோமா இனத்திலிருந்துதான், செபமாலையைக் கைவிட மறுத்து 1936-ல் ஸ்பெயினில் சுட்டுக் கொல்லப்பட்ட செபெரினோ என்ற எளிய வியாபாரியை, இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் 1997-ல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

இப்போது நம் பீடத்துக்குத் திரும்புவோம். பிராக் குழந்தை இயேசு பிராக்கில் செய்யப்பட்டவரல்லர்! ஸ்பெயினிலிருந்து வந்த அச்சொரூபத்தை, பொலிக்சேனா என்ற சீமாட்டி 1628-ல் பிராக் கர்மேல் சபைத் துறவிகளுக்கு அளித்தார். வந்தேறியாக வந்த குழந்தையை அவ்வூர் மக்கள் தமதாக்கிக் கொண்டு, தம் ஊர்ப் பெயரையே சூட்டினர். வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்கு அன்பினால் ஒரு பெயர். வெளியூரிலிருந்து வந்த வேறு சிலருக்கு ஏளனத்தால் ஒரு பெயர். இரண்டும் ஒரே நாட்டோடு சேர்ந்த பெயர்களே.

பிரியமானவர்களே, நம் பங்கிலும் ஒருவரைத் தெருவின் பெயராலும், தொழிலின் பெயராலும் குறிப்பிட்டு எட்ட நிறுத்தும் வழக்கம் இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? ஞானஸ்நானத் தொட்டியருகே ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் சூட்டியே திருச்சபை அழைத்தது. இந்த யூபிலி ஆண்டிலாவது அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் அழைப்போம். அப்போது நம் ஆலயம் மெய்யாகவே எல்லாருக்கும் வீடாகும்.

குழந்தை இயேசு நம் எல்லாக் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.