அலிபிரிக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?

2019-இல் இழுத்து மூடிய, மதுக்கடையை ஒட்டிய பர்மிட் ரூமை, 2025 ஆகஸ்டில் ஆந்திர அரசு மறுபடி திறந்துவிட்டிருக்கிறது. 99 ரூபாய்க்குக் குவார்ட்டர், பக்கத்திலேயே உட்கார்ந்து குடிக்க அறை! காரணம் கேட்டால், தெருவில் குடித்தால் ரகளையாம், கூரைக்கடியில் குடித்தால் ஒழுக்கமாம்! உள்ளே போனவன் அங்கேயே குடித்தனமா நடத்தப்போகிறான்? இரவு பத்து மணிக்கு ஷட்டர் இறங்கும்போது அத்தனை பேரும் ஒரே வாசல் வழியாக அதே தெருவுக்குத்தானே வரவேண்டும்! அடிதடிக்கு இடமும் நேரமும் உண்டு. பிரேசிலின் டியாடெமா நகரம் 2002-இல் இரவு 11 மணிக்கு மேல் மது விற்கத் தடை போட்டது. மாதத்துக்குச் சுமார் ஒன்பது கொலைகள் குறைந்தன என்கிறது ஆய்வு. ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 2008-இல் பார்களை முன்கூட்டியே மூட வைத்தார்கள். இரவு நேரத் தாக்குதல்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

அவ்வளவு தூரம் ஏன்? திருப்பதி ரயில் நிலையத்திலிருந்து மலையடிவார அலிபிரி வரை மதுக்கடை கூடாது என்று 2024 கொள்கையிலேயே எழுதியவர்கள் இவர்கள்தானே! இடம் முக்கியம் என்று தெரிந்துதானே எழுதினார்கள்? யாத்ரிகர் நடக்கும் தெருவுக்கு ஒரு நியாயம், வேலை முடிந்து நம் சித்தூர்ப் பெண்கள் வீடு திரும்பும் தெருவுக்குப் பர்மிட் ரூமா? மலைமேல் சேவை டிக்கெட்டுக்குக் குலுக்கல், மலையடியில் மதுக்கடைக்கும் குலுக்கல். பக்தி ஒன்றுதான், பிரசாதம்தான் வேறு!

“கட்டுப்படுத்தினால் சானிடைசரைக் குடித்துச் சாவார்கள்” என்று பயமுறுத்துகிறார்கள். 2020-இல் ஆந்திராவின் குரிச்சேடில் அப்படிச் செத்தார்கள், உண்மை. அன்று மது விலையை 75 சதவீதம் ஏற்றியிருந்தார்கள். கொரோனாவுக்காக அந்த ஊர்க் கடைகளையும் மூடியிருந்தார்கள். கடையையே மூடுவது வேறு, பர்மிட் ரூமை மூடுவது வேறு. முழு மதுவிலக்கையும் நான் கேட்கவில்லை. 1995-இல் வந்து 1997-இல் போனதைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் பக்கத்து நெல்லூரில், 1992-இல் தூபகுண்டா கிராமப் பெண்கள் சாராயத்தை எதிர்த்துக் கிளம்பியதும், மறு வருஷமே சாராயத்துக்குத் தடை வந்ததே! கேட்பது இதுதான்: ஒவ்வொரு பர்மிட் ரூமைச் சுற்றியும் திறப்பதற்கு முன் எத்தனை அடிதடி, பின் எத்தனை, எந்த நேரத்தில்? கணக்கை ஊர்முன் வையுங்கள். கூடியிருந்தால் உரிமத்தைப் பறியுங்கள். அறைக்கு ஐந்து லட்சமா, ஏழரை லட்சமா என்று கணக்காக வசூலிக்கத் தெரிந்தவர்களுக்கு, எத்தனை மண்டை உடைந்தது என்று எண்ணத் தெரியாதா?