ஊருணிக் கரையும் நமது கடமையும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய முகாமொன்றில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



ஊருணியைத் தூர் வாருவது பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். தூர் வாரும் வேலையில் உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியது அதிகம் இல்லை. மண்வெட்டியும் கூடையும் பிடித்த கைகள் இங்கே நிறைய இருக்கின்றன. ஆகையால் ஊருணியின் உள்ளே வெட்டும் பள்ளத்தை விட்டு, அதனைச் சுற்றியிருக்கும் நிலத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். பள்ளத்தில் நீர் தங்குமா, தங்கிய நீர் குடிக்கத் தகுமா என்பதை இந்நிலமே தீர்மானிக்கிறது.

ஊர் உண்ணும் நீர் நிற்பதால் அதற்கு ஊருணி என்று பெயர். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. அங்கே ஐப்பசி, கார்த்திகை மழையை ஊருணியில் பிடித்துவைத்து ஆண்டு முழுவதும் பருகி வந்தனர் நம் முன்னோர். இன்று குழாய் நீர் பல ஊர்களுக்கு வந்திருக்கிறது. எனினும் குழாய் பழுதுபட்ட நாளில் குடத்துடன் எங்கே செல்வது என்பதை நம் தாய்மார்கள் மறக்கவில்லை.

ஊருணியின் அமைப்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அது கிணற்றைப் போல் முழுதும் தரைக்குள் இருப்பதன்று. தொட்டியைப் போல் முழுதும் தரைக்கு மேல் நிற்பதுமன்று. ஒரு பகுதி பள்ளம். மறுபகுதி, அப்பள்ளத்தில் எடுத்த மண்ணைச் சுற்றிலும் போட்டு உயர்த்திய கரை. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் நீர் மட்டம் வெளித்தரையைவிட உயர்ந்தும் நிற்கும். எனவே பள்ளம் எவ்வளவு முக்கியமோ, கரையும் அவ்வளவு முக்கியம். இதனை நாங்கள் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. பிழை செய்து கற்றோம். அந்தப் பிழையை மறைக்காமல் சொல்லுவதே நேர்மை.

சில ஆண்டுகளுக்கு முன், நமது வட்டாரத்தில் ஓர் ஊரின் ஊருணியை ஆழப்படுத்தினோம். மண் அள்ளும் இயந்திரம் வந்தது. ஒரு வாரத்திற்குள் வேலை முடிந்தது. நான்கு பக்கமும் சுவர் போலச் செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய மண் விளிம்பை ஒட்டியே குவிந்து கிடந்தது. எத்தனை கன அடி மண் எடுக்கப்பட்டது என்பதை எங்கள் அலுவலர்கள் அளந்தார்கள்; நாங்களும் கையொப்பமிட்டோம். அன்று அங்கே நின்றிருந்த ஒரு மூதாட்டி, "ஐயா, ஊருணியைக் கிணறாக்கிவிட்டீர்களே; நாங்கள் எப்படி இறங்குவது?" என்று கேட்டார். அச்சொல்லை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

ஐப்பசியில் முதற்பெருமழை பெய்தது. விளிம்பில் குவித்த மண் கரைந்து, வந்த வழியே பள்ளத்திற்குள் திரும்பியது. வடபுறத்துச் சுவர் இருபதடி நீளத்திற்குச் சரிந்தது. அதைவிடக் கொடிய செய்தி பின்னால் வந்தது. தண்ணீர் மொள்ளச் சென்ற எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வழுக்கி உள்ளே விழுந்தாள். முன்பெல்லாம் அவ்விடத்தில் முழங்கால் அளவு நீரே இருக்கும். இப்போது முதல் அடியிலேயே ஆள் மட்டத்திற்கு மேல் நீர். அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தம் தலைத்துண்டை வீசி அவளைக் கரையேற்றினார். அவர் அங்கே இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் நாம் இட்ட கையொப்பம் நம் கண்முன் நிற்கிறது. மறு ஆண்டு அதே ஊருணியில் மீண்டும் வேலை செய்தோம். அப்போது கற்றவற்றைத்தான் இங்கே கூறுகிறோம்.

முதலாவது, சரிவு. ஓர் அடி இறக்கத்திற்கு இரண்டடி படுக்கை என்ற கணக்கில் உட்சரிவு அமைய வேண்டும். "அப்படிச் செய்தால் கொள்ளளவு குறையுமே" என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 200 அடி நீளமும் 200 அடி அகலமும் 10 அடி ஆழமும் கொண்ட ஊருணியைச் செங்குத்தாக வெட்டினால் 4,00,000 கன அடி நீர் பிடிக்கும். நாம் சொன்ன சரிவோடு வெட்டினால் ஏறக்குறைய 3,25,000 கன அடி பிடிக்கும். ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்பது உண்மையே. ஆயினும் செங்குத்துச் சுவர் மழைக்கு மழை சரிந்து பள்ளத்தைத் தூர்த்துக்கொண்டே இருக்கும். சரிவோ அப்படியே நிற்கும்; தவறி விழுந்த குழந்தையும் கன்றுக்குட்டியும் கால் ஊன்றி ஏறிவர இடம் கொடுக்கும். அந்த ஐந்தில் ஒரு பங்கை நாம் இழப்பாகக் கருதலாகாது. அது உயிருக்குச் செலுத்தும் காப்பீடு. ஆழத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அடியிலுள்ள களிமண் படுகையை உடைத்துவிட்டால் நீர் கீழே இறங்கிவிடும். உவர் நிலமானால் உப்பு நீர் மேலேறும்.

இரண்டாவது, கரை. பள்ளத்தின் விளிம்புக்கும் கரையின் அடிக்கும் நடுவே ஆறடி நிலத்தைச் சும்மா விட வேண்டும். கரையிலிருந்து உருளும் மண் அங்கே தங்கிவிடும். ஆள் நடந்து பார்வையிடவும் வழி கிடைக்கும். கரை மண்ணை ஒரே குவியலாகக் கொட்டாமல், முக்கால் அடி கனத்திற்குப் பரப்பி, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, அதன்மேல் அடுத்த படலத்தை இட வேண்டும். கரையின் உச்சி வெளிப்புறமாகச் சற்றே சாய்ந்திருக்கட்டும். அப்போது கரைமேல் நடப்போரின் காலடி அழுக்கும் கால்நடைச் சாணமும் மழையில் கரைந்து வெளியே போகுமேயன்றி உள்ளே வாரா. எடுத்த மண் முழுவதையும் கரைக்கே போட வேண்டும் என்பதில்லை. மேலே படிந்த வண்டல் வயலுக்கு நல்ல உரம். உரிய அனுமதி பெற்று விவசாயிகள் அதனைத் தம் நிலத்திற்கு அடிக்கலாம்.

மூன்றாவது, பச்சை. வெறும் மண் கரை ஒரு மழைக்குத் தாங்காது. உட்சரிவில் அருகம்புல்லைப் பெயர்த்துப் பதியுங்கள். நீர் மட்டத்திற்குச் சற்று மேலே வெட்டிவேரை நெருக்கமாக ஒரு வரிசை நடுங்கள். அதன் வேர் பக்கவாட்டில் படராமல் நேரே ஆழத்திற்கு இறங்கி மண்ணைத் தைத்துப் பிடிக்கும். கரையின் வெளியடியில் ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டைகளை ஊன்றுங்கள். பனையின் சல்லிவேர் கரையை அணைத்துக்கொள்ளும் என்பதை நம் பாட்டன்மார் நன்கறிந்திருந்தனர். வேலிக்கு நொச்சியும் ஆடாதொடையும் போதும்; ஆடு அவற்றைத் தின்பதில்லை. சீமைக் கருவேலை மட்டும் தலைதூக்கவிடலாகாது; கன்றாயிருக்கும்போதே வேரோடு களைய வேண்டும்.

மரங்களை எங்கே நடுவது என்பதிலும் கருத்து வேண்டும். நீர் விளிம்பில் நட்டால் இலை உதிர்ந்து நீர் அழுகும். கரைக்கு வெளியே, மேற்கிலும் தென்மேற்கிலும் வேம்பு, புங்கன், பூவரசு, நாவல் ஆகியவற்றை இரண்டு வரிசையாக நடுங்கள். ஆனி, ஆடியில் வீசும் வறண்ட மேல்காற்று நம் நீரைக் குடித்துவிட்டுப் போகிறது. கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டாலும், நாம் சொன்ன அளவுள்ள ஊருணியிலிருந்து ஒரு நாளில் ஏறத்தாழ 18,500 லிட்டர் மறைந்துபோகிறது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் என்று கொண்டால், இது 1,850 பேருடைய ஒரு நாள் நீர்! மரங்கள் ஆவியாவதை முற்றிலும் நிறுத்திவிடமாட்டா. ஆனால் காற்றின் வேகத்தைத் தடுத்து அதனைக் குறைக்கும்.

நான்காவது, நீர் வரும் வழியும் போகும் வழியும். வரத்துக்கால் ஊருணிக்குள் நுழையுமுன் ஒரு குழி வெட்டி வையுங்கள். ஓடிவரும் நீர் அங்கே ஒரு கணம் நின்று மணலையும் வண்டலையும் இறக்கிவிட்டு உள்ளே செல்லும். ஊருணி முழுவதையும் தூர் வாருவதைவிட ஆண்டுக்கு ஒரு முறை அக்குழியை வாருவது எளிதல்லவா? நீர் விழும் இடத்தில் கல் பாவ வேண்டும். மிகுந்த நீர் வெளியேறக் கலிங்கு இருக்க வேண்டும். கலிங்கு இல்லாத ஊருணி தன் கரையைத் தானே உடைத்துக்கொள்ளும். வரத்துக்காலின் இருமருங்கும் மலங்கழிப்பதும் குப்பை கொட்டுவதும் ஊரார் குடத்தில் நஞ்சு கலப்பதற்கு ஒப்பாகும்.

ஐந்தாவது, மக்கள் புழங்கும் இடம். மக்கள் நீரில் இறங்காமலே மொண்டுகொள்ள, ஊருணியை ஒட்டி ஒரு கிணறு எடுத்து, மணல் வழியே நீர் வடிந்து அதில் சேருமாறு அமைப்பது நலம். அவ்வாறு எடுத்த நீரையும் காய்ச்சியோ குளோரின் இட்டோதான் பருக வேண்டும். கிணறு அமைக்க இயலாத ஊரில் அகலமான படித்துறையும் கைப்பிடிச் சுவரும் தேவை. மாடுகளுக்குக் கலிங்குக்கு அப்பால் தனிக் குட்டை. துணி துவைக்கக் கரைக்கு வெளியே கல் மேடை. அம்மேடையின் கழிவு நீருக்குச் சில வாழைகள். இவ்வளவுதான் செலவு.

இவை எல்லாவற்றிற்கும் இடம் வேண்டும். அங்கேதான் சங்கடம் எழுகிறது. நாம் சொன்ன அவ்வூரில் கரையின் அடிவரை மூவர் உழுதிருந்தார்கள். அவர்களுள் ஒருவர் பஞ்சாயத்து உறுப்பினர். நில அளவை செய்து கல் நட்டபோது, முதலில் வரப்பை வெட்டிப் பின்வாங்கியவர் அவரே. ஏனைய இருவரும் அதன்பின் மறுத்துப் பேசவில்லை. பதவியில் இருப்பவர் ஓர் அடி விட்டுக்கொடுத்தால் ஊர் பத்தடி விட்டுக்கொடுக்கும் என்பதை அன்று நேரில் கண்டோம்.

24-4-2022 அன்று தொடங்கப்பட்ட அம்ரித் சரோவர் திட்டம், குறைந்தது ஓர் ஏக்கர் பரப்பும் 10,000 கன மீட்டர் கொள்ளளவும் உள்ள நீர்நிலைகளை மாவட்டத்திற்கு 75 என்று வகுத்தது. கரையில் வேம்பும் அரசும் ஆலும் நடவும் கூறியது. திட்டங்கள் வரும், போகும், பெயர் மாறும். கரை மட்டும் நம்மிடமே இருக்கும். நட்ட கன்றுக்கு இரண்டு கோடை நீர் ஊற்றுவதற்கு எந்தத் திட்டமும் ஆள் அனுப்புவதில்லை. அது நம் கடமை.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள்: உட்சரிவு, கரை, புல், மரம், படித்துறை, கலிங்கு ஆகியவை சேராத மதிப்பீட்டை எங்கள் ஊருணிக்கு ஏற்கமாட்டோம் என்று. அம்மதிப்பீட்டை நாங்களே கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புங்கள். வேலை முடிந்த பின் எவ்வளவு மண் வெட்டினீர்கள் என்று எங்களைக் கேட்க வேண்டாம். பங்குனியில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று கேளுங்கள்.

அந்த ஊருணிக்குச் சென்ற கோடையில் போயிருந்தோம். கரையில் புல் படர்ந்திருந்தது. பனங்கன்றுகள் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தன. பங்குனி கடைசியிலும் படித்துறையின் கடைசி இரண்டு படிகள் நீருக்குள் இருந்தன. அன்று நம்மைக் கேள்வி கேட்ட மூதாட்டி, ஒருவர் கையையும் பிடிக்காமல் இறங்கி, குடத்தை நிரப்பிக்கொண்டு ஏறிச் சென்றார். உங்கள் ஊர் ஊருணியிலும் அவ்வாறே இறங்கி ஏற வழி இருக்கட்டும்.