வானில் இயந்திரம் நின்றால்



பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. அதன் உண்மையை வயலிலும் வீட்டிலும் கண்டிருக்கிறோம். பல ஆயிரம் அடி உயரத்திலே ஆகாய விமானத்தின் இயந்திரமொன்று திடீரென நின்றுவிடும் வேளையில், அவ்வாக்கு உயிர் காக்கும் விதியாகவே அமைந்துவிடுகின்றது. அதனைப் பற்றியே இன்று உங்களுடன் சிந்திக்க விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்தாருக்கு விமானம் புதிய பொருளன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படையினர் பலாலியில் தளம் அமைத்தனர். 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணம் வழியாகவே சென்னை சென்றது. பின்னர் போர் வந்தது. அவ்வான்வழி நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் தொடங்கிய சென்னைச் சேவை, கொள்ளைநோயால் தடைப்பட்டு, 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமாயிற்று. இன்று நம் பிள்ளைகள் விமானமேறும்போது வழியனுப்பும் தாய்மார் மனத்தில் ஒரு கேள்வி எழாமலிராது: நடுக்கடலின் மேலே இயந்திரம் நின்றுவிட்டால் என்னாகும்?

முதலிலே ஓர் அச்சத்தை நீக்கிவிடுவோம். இயந்திரம் நின்ற விமானம் பனம்பழம் விழுவதுபோல் தொப்பென்று விழுந்துவிடுவதில்லை. பருந்து சிறகடிக்காமல் மிதந்து வருவதை நாம் தினமும் காண்கிறோம். விமானமும் அவ்வாறே, தன் உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு, வேகத்தைக் காத்துக்கொண்டு மிதந்து வரும். 2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் திகதி ரொறன்ரோவிலிருந்து லிஸ்பன் சென்ற எயர் ட்ரான்சாற் விமானத்தில் எரிபொருள் கசிந்து, அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேல் இரு இயந்திரங்களும் நின்றன. ஏறத்தாழ 19 நிமிடம் மிதந்து வந்து, அசோரஸ் தீவிலே அவ்விமானம் இறங்கியது. இருந்த 306 பேரில் ஒருவரும் உயிரிழக்கவில்லை. காங்கேசன்துறைக்கும் கோடிக்கரைக்கும் இடைப்பட்ட கடல் ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்றே மேற்பட்டது என்பதை நினைத்தால், உயரம் எத்துணைப் பெரிய செல்வம் என்பது விளங்கும்.

இனி, செல்வந்தரும் நிறுவனத்தாரும் பயன்படுத்தும் சிறு ஜெட் விமானத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அதற்கு இரண்டு இயந்திரங்கள்; அவை வாற்பக்கத்தில் உடலையொட்டி அமைந்திருக்கும். ஓடுபாதையில் விரையும்போது ஒன்று நின்றால் செய்ய வேண்டியது முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்கும். விமானத்தின் பாரம், வெப்பம், பாதையின் நீளம் ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒரு வேகத்தைக் குறித்துக்கொள்வர். அவ்வேகத்தை எட்டுமுன் பழுது நேர்ந்தால் நிறுத்துவர். எட்டியபின் நேர்ந்தால் எஞ்சிய இயந்திரத்தின் வலிமையால் மேலெழுவர்.

பறக்கும்போது ஒன்று நின்றால், விமானத்தின் மூக்கு பழுதுற்ற பக்கம் திரும்ப முனையும். விமானி எதிர்ப்பக்கக் காலால் சுக்கானை மிதித்து அதனை நேராக்குவார். விமானத்தைப் பறக்க வைத்திருப்பதே முதற் கடமை. செல்லும் திசையைக் காண்பது இரண்டாவது. தரையிலுள்ளோருடன் பேசுவது மூன்றாவது. இவ்வொழுங்கு மாறலாகாது. பின்னர் எந்த இயந்திரம் பழுதென்று கருவிகளைப் பார்த்து நிதானமாக அறிவர். ஒருவர் உரிய நெம்பில் கைவைத்து இதுதானா என்று உரக்கக் கேட்பார். மற்றவர் பார்த்து ஆமென்று உறுதி செய்த பின்னரே அதனை மூடுவர். ஒற்றை இயந்திரம் பழைய உயரத்தைத் தாங்காதாகையால், சற்றுக் கீழிறங்கி, அண்மையிலுள்ள தகுந்த நிலையத்தை நாடுவர்.

இதற்கு ஏன் இத்தனை நிதானம்? 1989ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி இலண்டனிலிருந்து பெல்பாஸ்ற் சென்ற விமானமொன்றில் இடப்பக்க இயந்திரம் பழுதாயிற்று. விமானிகள் விரைந்து வலப்பக்கத்து நல்ல இயந்திரத்தை நிறுத்திவிட்டனர். இறங்கும் வேளையில் இடப்பக்கமும் செயலிழக்க, கெக்வேத் என்னும் ஊரருகே விமானம் வீழ்ந்து 47 பேர் மாண்டனர். 2015 பெப்ரவரி 4ஆம் திகதி தாய்வானில், வலப்பக்கம் நின்றபோது விமானத் தலைவர் இடப்பக்க நெம்பை இழுத்தார். பொறுத்துச் சரிபார்ப்போம் என்று துணை விமானி சொன்னார், அச்சொல் பயன்படவில்லை. 58 பேரில் 43 பேர் மாண்டனர். அது, 2019இல் பலாலிக்கு வந்த சென்னை விமானத்தின் இனத்தைச் சேர்ந்த விமானமே. ஒற்றை இயந்திரத்தோடு பறந்து திரும்பக்கூடிய விமானத்தை வீழ்த்தியது பதற்றம்.

கெக்வேத் நிகழ்ச்சியில் இன்னொரு பாடமும் உண்டு. வலப்பக்கத்திலே கோளாறு என்று விமானத் தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். இடப்பக்கத்தில் தீப்பொறி பறந்ததைப் பயணிகளும் பணியாளர் சிலரும் கண்ணால் கண்டிருந்தனர். ஆயினும் ஒருவரும் எழுந்து சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டனர்.

நேயர்களே, பாடசாலை அதிபர் என்ற முறையில் இவ்விடத்தில் என் மனம் தரித்து நிற்கிறது. கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய விடை பிழையென்று கண்டும் வாய்மூடியிருக்கும் மாணவனை அடக்கமுள்ளவன் என்று நாம் புகழ்கிறோம். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வீட்டிலும் சொல்லி வளர்க்கிறோம். மரியாதை வேண்டியதே. ஆனால் கண்ட உண்மையை மரியாதையோடு எடுத்துச் சொல்லும் துணிவும் உடன் வேண்டும். இக்காலத்து விமானப் பயிற்சியில், இளையவர் தயங்காது சொல்லவும் மூத்தவர் செவிகொடுக்கவும் தனியே கற்பிக்கின்றனர். எத்தனையோ உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற கல்வி அது.

நிதானம் தரும் பயனுக்கும் நம் அயலிலேயே சான்றுண்டு. 2016ஆம் ஆண்டு மே 24ஆம் திகதி, பாட்னாவிலிருந்து நோயாளி ஒருவரைத் தில்லிக்கு ஏற்றி வந்த சிறு விமானத்தின் இரு இயந்திரங்களும் நகரை அணுகும் வேளையில் நின்றன. ஓடுபாதைக்கு எட்டாதெனக் கண்ட விமானிகள் நஜப்கர் அருகே ஒரு வயலில் அதனை இறக்கினர். ஏழு பேரும் உயிர் பிழைத்தனர்.

விமானமேறும் நம்மவர் செய்யத்தக்கவையும் சில உண்டு. புறப்படுமுன் பணிப்பெண் கூறும் அறிவுரைகளைச் செவிமடுங்கள். அருகிலுள்ள வாயில் எத்தனையாவது வரிசையில் உள்ளதென எண்ணி வையுங்கள். கடலில் இறங்க நேர்ந்தால் மிதவை அங்கியை உள்ளே ஊதாது, வாயிலைக் கடக்கும்போதே ஊதுங்கள்; உள்ளே ஊதினால் அதுவே வெளியேறவொட்டாமல் தடுக்கும். யன்னல் வழியே தீயையோ புகையையோ கண்டால், உடனே பணியாளரிடம் சொல்லுங்கள்.

கைகள் பதறாதிருக்கவும், வாய் உண்மையை அஞ்சாது சொல்லவும், செவி அதனை ஏற்கவும் நம் பிள்ளைகளைப் பழக்குவோமாக. அப்பழக்கம் வானில் மட்டுமன்றி, அவர்கள் செல்லும் இடமெங்கும் துணை நிற்கும்.