காணியைப் படம் எடுக்குமுன் உறுதியைப் பாருங்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவையொட்டிய தொழில் வழிகாட்டல் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியருக்கும் காணித் தரகுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எமது தங்கைமாரில் பலர் இன்று வீட்டிலிருந்தபடியே காணி விற்பவர்களுக்காக முகநூல் பக்கம் நடத்துகிறார்கள், டிக்டொக் காணொளி வெட்டுகிறார்கள், வட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்கள். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே செய்யக்கூடிய கௌரவமான தொழில் இது. நாமோ கிளினிக்கில் இருந்து அந்தப் பதிவுகளின் மறுபக்கத்தைப் பார்க்கிறோம். பிரஷர் மாத்திரைக்கு வரும் அம்மா, "மகன் வெளிநாட்டில் இருந்து காணியை விற்கச் சொல்லுறான், நித்திரை வருகுதில்லை" என்கிறார். ஆசையோடு வாங்கிய வளவில் மாரிக்கு முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்று இன்னொருவர் சொல்கிறார். ஆகவே ஒரு மாதத்துக்கான பதிவுகளை எப்படித் திட்டமிடலாம் என்பதை, சம்பூரை உதாரணமாக வைத்து இன்று பேசுவோம்.

சம்பூர் ஏன்? கொட்டியாரக்குடாவின் அக்கரையில், மூதூருக்குக் கிழக்கே இருக்கும் ஊர் அது. அங்கிருந்து வந்து படித்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். 2006 ஏப்ரல் இறுதியில் எறிகணைக்கும் விமானத் தாக்குதலுக்கும் அஞ்சி அந்த மக்கள் வெளியேறினார்கள். வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்தார்கள். பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக் கணக்கில் இருந்தார்கள். 2007 மே மாதம் மூதூர் கிழக்கு – சம்பூர் அதியுயர் பாதுகாப்பு வலயம் வர்த்தமானியில் வந்தது. 2012 இல் 818 ஏக்கர் முதலீட்டுச் சபையின் கீழ்க் கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. 2015 மே மாதம் அந்த வர்த்தமானி இரத்தானது. அந்த வருடம் ஆகஸ்டில் மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். கடற்படை முகாம் இருந்த நிலம் 2016 மார்ச்சில் விடப்பட்டது. அங்கே வரவிருந்த நிலக்கரி அனல் மின்நிலையம் 2016 இல் கைவிடப்பட்டது. 120 மெகாவாட் சூரிய மின்சக்தித் திட்டம் 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி தொடக்கி வைக்கப்பட்டது.

இப்படி ஒரு செய்தி வந்ததும், "விலை ஏறப் போகிறது, இப்போதே வாங்குங்கள்" என்ற பதிவுகள் கிளம்புவது வழக்கம். படத்தில் நீலக் கடலும் வெள்ளை மணலும் இருக்கும். "ஆளில்லாத, அமைதியான நிலம்" என்று எழுதியிருக்கும். அந்த நிலம் ஏன் ஆளில்லாமல் இருந்தது என்பது பதிவில் இராது. ஒன்பது பத்து வருடம் மரநிழலிலும் தகரக் கொட்டிலிலும் இருந்து மீட்ட காணி அது. அதற்காகச் சம்பூர்க் காணியை விற்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. விற்பது உரியவரின் உரிமை. அவர் தெரிந்து விற்கவும், வாங்குபவர் தெரிந்து வாங்கவும் உங்கள் பதிவு உதவ வேண்டும் என்பதுதான் எமது கோரிக்கை.

எனவே மாதத்தின் முதல் வாரத்தை ஆவணத்துக்கு ஒதுக்குங்கள். வைத்தியர் மருந்து எழுதுமுன் நோயின் வரலாற்றைக் கேட்பதுபோல, நீங்கள் படம் எடுக்குமுன் காணியின் வரலாற்றைக் கேளுங்கள். அது உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா, அளிப்புக் காணியா? மூன்றும் ஒன்றல்ல. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டில் கிடைத்த அரச காணியை நினைத்தபடி விற்க முடியாது. அளிப்புக் காணியைக் கைமாற்றுவதற்கும் பிரதேச செயலாளரின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும். உறுதிக் காணியானாலும் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டால்தான் விற்பனை செல்லும். இது 1840 இலிருந்து இந்நாட்டில் உள்ள சட்டம். வட்ஸ்அப்பில் "ஓம்" என்று எழுதி முற்பணம் அனுப்பியதால் காணி கைமாறாது.

"பத்து வருடமாக நான்தான் ஆள்கிறேன்" என்று சொல்லி விற்க வருபவர்களும் உண்டு. நீண்டகால ஆட்சியால் உரிமை கோரும் வழி 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் உரியவர் போரினால் வர முடியாமல் இருந்திருந்தால்? 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் அப்படித் தடைப்பட்டவர்களைக் கருதித்தான் 2016 இல் ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆகவே அப்படிப்பட்ட காணியைப் பற்றி ஒரு சட்டத்தரணி பார்க்காமல் ஒரு வரிகூடப் பதிவிட வேண்டாம்.

முதல் வாரப் பதிவுகளில் இவற்றையே எளிய தமிழில் விளக்கலாம். உறுதி என்றால் என்ன, நில அளவைப் படத்தை எப்படி வாசிப்பது, காணிப் பதிவகத்தில் எதைத் தேடுவது என்று ஒவ்வொரு நாளைக்கு ஒன்று போடலாம். ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ் என்பதும், யாழ்ப்பாணத்தார் சொல்லும் ஒரு பரப்பு ஏறத்தாழ 10 பேர்ச்சஸ் என்பதும்கூட நல்ல பதிவுதான். கனடாவில் இருந்து பார்ப்பவர் பரப்புக் கணக்கில் நினைத்து, பேர்ச்சஸ் விலையைப் பார்த்துக் குழம்புவார். ஆனால் உறுதியையோ அடையாள அட்டையையோ படம் பிடித்துப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள இலக்கமும் பெயரும் மோசடிக்காரருக்கு வாய்ப்பாகிவிடும்.

இரண்டாம் வாரம் நிலத்துக்கு. எமது மாவட்டத்தின் மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஆடி ஆவணியில் எடுத்த படத்தில் எல்லா வளவும் மேட்டு நிலமாகத்தான் தெரியும். மார்கழியில் எடுத்த படமும் பக்கத்தில் இருக்கட்டும். கிணற்றைக் காட்டுவதானால் ஆவணி மாதத்துத் தண்ணீர் மட்டத்தைக் காட்டுங்கள், தண்ணீர் உவரா நன்னீரா என்று எழுதுங்கள். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் எழுதுங்கள். இவை இல்லாத வீட்டிலிருந்து வயிற்றோட்டத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எம்மிடம்தான் வருகிறார்கள். கடலோரக் காணியானால், உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதையும், அங்கே கட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்பதையும் மறைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 இல் கடல் எதுவரை வந்தது என்று அயலவரைக் கேட்டால் சொல்வார்கள். ட்ரோன் பறக்க விடுவதற்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. பக்கத்து வளவில் குளிப்பவரும் உங்கள் காணொளியில் விழுவார், கவனம்.

மூன்றாம் வாரம் ஊருக்கு. பாடசாலை, பஸ், மூதூர் தள வைத்தியசாலைக்கு எத்தனை நிமிடம் என்பவற்றைச் சொல்லுங்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அக்கரைப் பயணம் மாறியதைச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்களைப் பேச வைத்தால் நல்லது. ஆனால் அவர்களுடைய சம்மதத்தோடு மட்டும். வைத்தியர்களாகிய நாம் நோயாளியைக் கேளாமல் படம் வெளியிடுவதில்லை. இடம்பெயர்ந்த கதையைச் சொல்லி அழும் ஒரு தாயின் முகத்தைக் காணி விற்கும் காணொளியில் சேர்ப்பதும் அதே போன்ற தவறுதான்.

நான்காம் வாரம் விலைக்கும் கேள்வி பதிலுக்கும். விலையை வெளிப்படையாகப் போடுங்கள். தரகுக் கூலியை யார் கொடுப்பது என்பதையும் சொல்லுங்கள். விற்ற காணியின் பதிவை அன்றே எடுத்துவிடுங்கள். பழைய பதிவைக் காட்டி இன்னொருவரிடம் முற்பணம் வாங்க இடம் வைக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இலங்கைப் பிரசாவுரிமை இருக்கிறதா? 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இங்கே பிறந்தவரானாலும் பிரசாவுரிமையை இழந்திருந்தால் அவர் அந்தச் சட்டத்தின் முன் வெளிநாட்டவரே. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கும், முதுசமாக வரும் காணிக்கும் விலக்கு உண்டு. "காசை அனுப்புங்கள், மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம்" என்று பதில் எழுதுவது அவரைக் குழியில் தள்ளுவதாகும்.

இனி, யாருக்கு விளம்பரம் காட்டுவது என்ற விடயம். அமெரிக்காவில் 1968 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், இனம் மதம் பார்த்து வீடு விற்கும் விளம்பரத்தைத் தடுக்கிறது. அப்படியிருந்தும் முகநூலில் வயது, பால், அஞ்சல் குறியீடு பார்த்து ஆள் தெரிந்து விளம்பரம் காட்ட முடிந்தது. வழக்குகளின் பின், 2019 இல் அந்த வசதியை வீட்டு விளம்பரங்களுக்கு நிறுத்த முகநூல் இணங்கியது. 2022 இல் அந்நாட்டு நீதித் திணைக்களத்துடனும் ஓர் இணக்கத்துக்கு வந்தது. மூதூர்ப் பக்கம் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்பவர்கள். "இன்னாருக்கு மட்டும்", "அவர்கள் வாங்குமுன் நாம் வாங்குவோம்" என்று ஒரு வரி போட்டால் விருப்பக் குறிகள் குவியும், காணியும் விலைப்படும். ஆனால் அந்த வரியின் பலனை ஊர் நீண்ட காலம் அனுபவிக்கும். அதை எழுதச் சொல்லும் தரகருக்கு "முடியாது" என்று சொல்லும் துணிவை இந்தப் பாடசாலை எமக்குத் தந்திருக்கிறது.

இந்தியாவில் 2016 ஆம் ஆண்டுச் சட்டப்படி தரகர் பதிவு செய்திருக்க வேண்டும். பொய் விளம்பரத்தை நம்பி நட்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். மகாராட்டிரத்தில் 2023 ஆகஸ்ட் முதல் கட்டடத் திட்ட விளம்பரங்களில் கியூஆர் குறி போட வேண்டும். அதை ஸ்கேன் செய்தால் பதிவு விபரம் வரும். சட்டம் கேட்கும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஆவண வகை, அளவைப் பட இலக்கம் பார்க்கப்பட்டதா, எந்தச் சட்டத்தரணி பார்த்தார் என்ற மூன்று வரியை ஒவ்வொரு பதிவின் அடியிலும் நீங்களாகவே போடலாம். அப்படிப் போடும் பக்கத்தைத்தான் நாலு பேர் நம்பித் தேடி வருவார்கள்.

கடைசியாகப் பெண்களாக எமக்குள் ஒரு வார்த்தை. கிழக்கில் வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். ஆகவே பல உறுதிகளில் இருப்பது எங்கள் பெயர். அரச காணியின் பின்னுரிமையில் ஆணுக்கு இருந்த முன்னுரிமையும் 2022 திருத்தத்தோடு நீங்கியது. பெயர் எங்களுடையது, பேரம் பேசுவது வேறு யாரோ என்ற நிலைதான் இன்னும் மாறவில்லை. ஒரு காணியை விளம்பரத்துக்கு எடுக்குமுன், உறுதியில் பெயருள்ள பெண்ணோடு ஒருமுறை தனியாகப் பேசுங்கள். அற்றோர்ணித் தத்துவத்தோடு மகனோ மருமகனோ வந்தாலும் அவரோடு பேசாமல் விடாதீர்கள். "அம்மா, விற்க உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்க ஐந்து நிமிடம் போதும்.

எமது சங்கத்தில் சட்டத்தரணிகள், நில அளவையாளர்கள், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, இந்த மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, உறுதியைக் கொண்டு வருபவர்களுக்கு இலவசமாக வாசித்துச் சொல்ல முடியுமா என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். வைத்தியர்கள் நாமும் வருவோம், வரும் அம்மாமாருக்கு பிரஷர் பார்க்கலாம்.

 எமது பாடசாலை அன்னை நூறு கடந்தும் வாழ்க.