பழைய வால்வு ஆம்ப்ளிபயரும் அதன் எதிரொலியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

வீணையும் மிருதங்கமும் முழங்கும் இம்மேடையில் கிதார் ஆம்ப்ளிபயரைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாய்த் தோன்றலாம். ஆனால் அத்தகைய பழம்பெட்டி ஒன்று வீட்டிற்குள் வந்துவிடின், அதனைத் திறந்து பார்க்க முற்படும் கை பெரும்பாலும் பதினாறு வயதுக் கையாகவே இருக்கும். அக்கையைக் கருதியே இவ்வுரையை அமைத்தோம்.

நாம் எடுத்துக்கொண்டது, அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் ஃபெண்டர் நிறுவனத்தார் 1963ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்த ‘ட்வின் ரிவெர்ப்’ என்னும் வகை. அதனுள்ளேயே இரண்டு அணிகள் அமைந்துள்ளன. ஒன்று எதிரொலி. மற்றொன்றை முகப்பில் ‘வைப்ரேட்டோ’ எனப் பொறித்துள்ளனர். அப்பெயர் பொருந்தாது என்பதே நம் கருத்து. நம் கமகத்தில் அசைவது சுரம். இக்கருவியிலோ அசைவது ஒலியின் அளவு மட்டுமே. அதற்கு உரிய பெயர் ‘டிரெமோலோ’.

முதற்கண் உயிரைப் பற்றிய பேச்சு. உள்ளே ஓடும் மின்னழுத்தம் 400 வோல்ட்டுக்கும் மேற்பட்டது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் கண்டென்சர்கள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். அமெரிக்காவின் 117 வோல்ட்டுக்கெனச் செய்த பெட்டியை நம் 230 வோல்ட்டில் நேரே மாட்டினால் அது எரிந்துபோகும். அதன் சுமையைத் தாங்கவல்ல ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. அக்காலப் பெட்டிகளுக்கு எர்த் இல்லாத இருமுனைப் பிளக்கே இருந்தது. மின்கம்பிக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு கண்டென்சரையும் வைத்திருந்தனர். அது பழுதுற்றால் சேசிஸிலும், அதன் வழியே கிதாரின் தந்தியிலும் மின்சாரம் பாயும். அறிந்த மெக்கானிக்கைக் கொண்டு அதனை அகற்றி, மும்முனைப் பிளக்கை எர்த்துடன் பொருத்திய பின்னரே பிள்ளைகள் கையில் பெட்டியைக் கொடுக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தல் ஆகாது.

இனி நாம் கூறும் சோதனைகள் சேசிஸைத் திறவாமலே செய்யத்தக்கவை. ‘நார்மல்’ எனக் குறித்த துளையில் கிதாரைச் செருகினால் இரண்டு அணிகளும் ஒலிக்கமாட்டா. அவை ‘வைப்ரேட்டோ’ப் பகுதிக்கே உரியன. கால்விசை இணைக்கப்படாதவிடத்து டிரெமோலோ இயங்காது. எதிரொலியோ அவ்விசை இல்லாமலும் இயங்கும். விசை தொலைந்துபோன பெட்டியைப் ‘பழுது’ என்று கூறிக் குறைந்த விலைக்கு விற்றுவிடுதலும் உண்டு!

எதிரொலியைத் தருவது பெட்டியின் அடியில் பை ஒன்றினுள் கிடக்கும் தகரத் தட்டு. அதனுள் இரண்டு நீண்ட சுருள்வில்கள் உள்ளன. தொலைபேசிக் கம்பியில் நேரும் காலத் தாழ்வைப் போலச் செய்து பார்க்க பெல் ஆய்வகத்தார் கையாண்ட உபாயம் இது. ஹாமண்ட் என்பார் அதனைத் தம் ஆர்கனுக்கு எடுத்தாண்டார். ரிவெர்ப் குமிழை உயர்த்தி வைத்துப் பெட்டியை மெல்லத் தட்டுக. இடி போன்ற ஓசை எழுந்தால், சுருளிலிருந்து ஒலியைத் திரும்பப் பெறும் பாதி நலமாக உள்ளது. குற்றம் அனுப்பும் பாதியில். ஓசை எழாவிடின் திரும்பப் பெறும் பாதியை ஆராய்க.

அனுப்பும் வேலையைச் செய்வது, பின்புறமிருந்து நோக்கும்போது வலப்பக்கத்திலிருந்து மூன்றாவதான 12ஏடி7 வால்வு. பெறுவது நான்காவதான 12ஏஎக்ஸ்7. மின்சாரத்தை நிறுத்தி, வால்வு ஆறிய பின்னர், நலமான ஒன்றை மாற்றிப் பார்க்கலாம். அதனாலும் தீராவிடின் தட்டின் இரு கம்பிகளையும் கழற்றி மீட்டரால் அளக்க. உட்புகும் முனையில் ஏறத்தாழ ஓர் ஓம், வெளிவரும் முனையில் ஏறத்தாழ 200 ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிடின் தலைமயிரினும் மெல்லிய உட்கம்பி எங்கோ அறுந்துள்ளது. கூர்ந்த கண்ணும் நுண்ணிய சால்டரிங் முனையும் உடையவர் அதனை ஒட்டவைக்கலாம். தட்டையே தூக்கி எறிய வேண்டுவதில்லை. மீண்டும் மாட்டும்போது இரு கம்பிகளும் இடம் மாறாதிருத்தல் வேண்டும். வெளிவரும் முனை மின் டிரான்ஸ்பார்மருக்கு அருகில் அமைந்தால் ‘ம்ம்’ என்னும் இரைச்சல் கேட்கும்.

டிரெமோலோவுக்கு உரியது ஐந்தாவது வால்வு. அது தளர்ந்துள்ளதா என அறியப் புது வால்வு வாங்க வேண்டுவதில்லை. நார்மல் பகுதிக்கு உரிய முதல் வால்வையே எடுத்து அங்கே பொருத்திப் பார்க்கலாம். அந்த வால்வு எழுப்பும் அசைவுக்கேற்ப ஒரு சிறு நியான் விளக்கு மினுக்கும். எதிரே உள்ள ஒளியுணர் மின்தடை அவ்வொளியைக் கண்டு ஒலியைத் தாழ்த்தி உயர்த்தும். விளக்கும் மின்தடையும் ஒரே கறுப்புக் குழலுள் அடங்கியவை. நாளடைவில் விளக்கு மங்கினால் அசைவும் மங்கும். வால்வை மாற்றியும் அசைவே தோன்றாவிடின், அவ்வசைவைப் பிறப்பிக்கும் மூன்று சிறு கண்டென்சர்களுள் ஒன்று கசிந்திருக்கலாம். அவை சேசிஸினுள் உள்ளவை. ஆதலின் அவ்விடத்தில் நம் கையை நிறுத்தி, வால்வு ரேடியோ பழுதுபார்த்துப் பழகிய மெக்கானிக்கைத் தேடிச் செல்ல வேண்டும். ‘டிக் டிக்’ என்று கடிகாரம் போல ஒலித்தால் அதனையும் அவரிடம் சொல்லிவிடுக. கம்பிகளைச் சற்றே விலக்கி வைப்பதாலேயே அது பல வேளைகளில் நின்றுவிடும்.