மண்ணாசையும் மனக்கோயிலும்

(திருக்குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)

சிவமயம்



கந்தபுராணம் கூறும் சூரபன்மன் வரலாறு இங்குக் கூடியுள்ளார் அனைவரும் அறிந்ததே. 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரத்தைச் சிவபெருமானிடமே பெற்றவன் அவன். பெற்ற பின்னும் அவன் உள்ளம் அமையவில்லை. தேவரை ஏவல் கொண்டான். இந்திரன் மகன் சயந்தனைச் சிறையிட்டான். ஆயிரத்தெட்டு அண்டங்கள் போதாத ஒருவனுக்கு ஆயிரத்தொன்பதாவது அண்டம் மட்டும் போதுமோ? இவ்வினாவை எழுப்பவே அவ்வரலாறு எழுந்தது எனலாம். “இது வெறுங் கதை, இத்தகைய அசுரர் உலகில் எங்கேனும் இருந்தனரோ?” என்று இக்காலத்தார் சிலர் கேட்பர். அவர்க்குரிய விடையைத் தேடித் தொலைவு செல்ல வேண்டா. பூந்தமல்லியும் ஆவடியும் திருநின்றவூரும் அடங்கிய இவ்வட்டாரமே அதற்குச் சான்று பகரும்.

ஆணவத்தின் செயலை இரண்டு சொற்களில் அடக்கிக் காட்டுவது சான்றோர் மரபு. ஒன்று ‘எனது’; மற்றொன்று ‘யான்’. ‘எனது’ என்பது பொருளாசையாய் வளரும். ‘யான்’ என்பது ஆட்சி வேட்கையாய் வளரும். முன்னது விடுதற்கு அரிது. பின்னது அதனினும் அரிது.

முதற்கண் ‘எனது’ என்பதன் விளைவைக் காண்க. பூந்தமல்லியை உள்ளிட்ட செங்கற்பட்டுச் சீமையை ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி 1763ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு ஜாகீராக அளித்தார். போர்ச் செலவும் ஆடம்பரமும் நவாபைக் கடனில் ஆழ்த்தின. கும்பினியின் ஊழியர்களே தம் சொந்தப் பெயரில் அவருக்குக் கடுவட்டிக்குக் கடன் கொடுத்தனர். ஈடாக அவருடைய நாட்டின் நிலவரி வருவாயை எழுதி வாங்கினர். ஏரோட்டியவன் செலுத்திய வரி வட்டியாய்க் கரைந்தது. இக்கடன்காரருள் தலையாயவன் பால் பென்பீல்டு என்பான். தஞ்சை நாட்டு வருவாயின்மீது அவன் கொண்டாடிய உரிமையால் சென்னைக் கவுன்சில் இரண்டுபட்டது. 1776இல் கவர்னர் பிகட்டுப் பிரபுவை அவர்தம் கவுன்சிலாரே சிறைப்படுத்தினர். மறு ஆண்டு காவலில் இருந்தபடியே அவர் உயிர் நீத்தார். இக்கடன்களின் இழிவை எட்மண்டு பர்க் 1785இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்தார். 1801இல் நவாபின் ஆட்சியுரிமை முழுதும் கும்பினியைச் சேர்ந்தது. பென்பீல்டோ, ஈட்டிய பெருநிதியெல்லாம் இழந்து, 1810இல் பாரிசு நகரில் வறியவனாய் மாண்டான். சூரபன்மனை வெறுங் கதை என்பார் இவ்வரலாற்றை என்னென்பர்?

‘எனது’ என்பதன் இயல்பு இஃதாயின், ‘யான்’ என்பது இதனினும் நுட்பமானது. அது தீயோரை மட்டுமன்றி நல்லோரையும் பற்றும். கோயில் வாயிலிலே பொருளாசையைக் கழற்றி வைத்தவனோடும் அஃது உள்ளே நுழைந்துவிடும்.

காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோயிலைக் கண்டோர் இதனை உணர்வர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுத்த கற்றளி அது. அதன் அழகுக்கு ஈடு கூறல் அரிது. எனினும், திருச்சுற்றில் வரிசையாய் அமைந்த சிறு கோயில்களில் அம்மன்னனுடைய விருதுப் பெயர்கள் 200க்கு மேற்பட்டவை பொறிக்கப்பட்டுள்ளன. இறைவனுக்கு எடுத்த கோயிலில் எங்கு நோக்கினும் எடுத்தவன் பெயர்!

அக்கோயிலிலேயே மற்றொரு கல்வெட்டும் உண்டு. 642ஆம் ஆண்டளவில் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் தலைநகராகிய வாதாபியை வென்றான். பின்னர்ச் சிறுத்தொண்டர் எனப் போற்றப்பெற்ற பரஞ்சோதியார் சென்ற போர் அது. ஏறக்குறைய நூறாண்டு கழித்துச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். பழிக்குப் பழியாக நகரைக் கொள்ளையிட எண்ணியிருப்பின் தடுப்பார் ஒருவரும் இலர். ஆயினும் அவன் கயிலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதனைக் கவராது இறைவனுக்கே மீள அளித்தான். வென்றவன் கை பொருளைத் தொடாமல் மீண்டது அரிய செயலே. ஆனால் அச்செய்தியை மண்டபத் தூண் ஒன்றில் கன்னட மொழியில் வெட்டுவித்து விட்டே அவன் சென்றான். ‘எனது’ என்பதை விட்ட மன்னனாலும் ‘யான்’ என்பதை விட இயலவில்லை.

இனி, திருநின்றவூருக்கு வருவோம். பூசலார் நாயனார் கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடினார், எங்கும் கிடைத்திலது. ஆதலின் மனத்திலேயே பொருள் ஈட்டினார். மனத்திலேயே தச்சரைக் கூட்டினார். அடிநிலை முதல் சிகரம் ஈறாக நெடுநாள் எண்ணி எண்ணி எழுப்பினார். கிணறும் குளமும் மதிலும் அமைத்தார். குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளைப் பல்லவ மன்னன் காஞ்சியில் தான் எடுத்த கற்றளிக்குக் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் எடுத்த ஆலயத்தில் மறுநாள் புகவிருப்பதால், அவனுடைய விழாவைப் பிறிதொரு நாளுக்கு ஒத்திவைக்குமாறு பணித்தருளினான். அம்மன்னன் இராசசிம்மனே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து.

இவ்வரலாற்றில் பூசலார் பெருமையை எல்லோரும் பேசுவர். மன்னன் பெருமையை நினைப்பார் சிலரே. நாடாளும் வேந்தன் குறித்த நாளை ஓர் ஏழை அடியார்க்காக மாற்றுவதா என்று அவன் சினக்கவில்லை. உடனே புறப்பட்டுத் திருநின்றவூர் வந்தான். கோயில் எங்கே என வினவினான். ஊரார் அறியோம் என்றனர். பூசலாரைத் தேடித் தானே சென்று அவர் அடியில் வீழ்ந்து வணங்கினான். 200 விருதுகள் தராத உயர்வை அந்த ஒரு வணக்கம் அவனுக்குத் தந்தது. இதனைப் பாடிய சேக்கிழார், பூந்தமல்லிக்கு அணித்தாகிய குன்றத்தூரில் தோன்றிச் சோழப் பேரரசின் அமைச்சராய் விளங்கியவர். அதிகாரத்தின் சுவையும் சுமையும் அவர் நேரில் அறிந்தவை. அவர் அரசவையின் சிறப்பைப் பாடாது அடியார் பெருமையைப் பாடியது எண்ணத்தக்கது.

அன்பர்களே! திருப்பணிக்குப் பொருள் வழங்கிய புண்ணியர் பலர் இவ்விழாவுக்கு வந்துள்ளனர். கொடுத்தவர் பெயரைக் கல்லில் எழுதுதல் பிழையன்று. அறக்கட்டளை அழியாது காக்கவே முன்னோர் கல்வெட்டினர். ஆனால் பரிவட்டம் முதலில் யார்க்கு என்பது பற்றி வழக்காடி, நீதிமன்றப் படியேறி, வழிபாடு தடைப்பட்ட ஊர்களும் தமிழகத்தில் உள்ளன. மண்ணுக்காகப் போரிட்டது போய்த் திருநீற்றுத் தட்டின்முன் நிகழும் போர் இது! கொடுத்தவன் என்னும் நினைவையும் கொடுத்த பொருளோடு சேர்த்து இறைவனிடம் ஒப்புவித்தவனே முழுதும் கொடுத்தவன்.

திருக்குடத்து நீர் இன்று கலசத்தின்மேல் வீழ்ந்தது. அதன் ஒரு துளி உள்ளத்தில் வீழ்ந்து ‘யான்’ என்னும் செருக்கைக் கழுவுமாயின், பூசலார் எழுப்பிய மனக்கோயிலை ஒவ்வொருவரும் எழுப்பியவர் ஆவர். எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்