அயோடின் உப்பு அணுக்கசிவிலிருந்து காப்பாத்துமா?

அறந்தாங்கியிலிருந்து ஒரு நேயர் வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஒன்றை அனுப்பி, "அண்ணா, இது உண்மையா? வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு" என்று கேட்டிருந்தார். கூடங்குளத்திலோ கல்பாக்கத்திலோ ஏதாவது ஆனா, உடனே அயோடின் உப்பை நிறைய சாப்பிடணுமாம். தைராய்டுக்கு ஒண்ணும் ஆகாதாம். இது புதுசில்ல. 2011-ல் ஜப்பானில் ஃபுகுஷிமா விபத்து நடந்தப்ப, சீனாவில் இதை நம்பி மக்கள் கடை கடையா உப்பை அள்ளிட்டுப் போனாங்க.

இதுல பாதி உண்மை இருக்கு. அதனாலதான் நம்பிடறோம்.

தைராய்டு சுரப்பி ஹார்மோன் தயாரிக்க அயோடின் வேணும். ரத்தத்தில் வர்ற அயோடினை அது இழுத்துச் சேர்த்து வைக்கும். வந்தது உப்பில் இருக்கிற சாதா அயோடினா, அணு உலையில் உண்டான அயோடின்-131-ஆ என்று அதுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. நம்ம ஆபீஸ் பாஷையில, இன்புட் வேலிடேஷனே கிடையாது. அயோடின்-131 எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மூணு மாசத்தில் கிட்டத்தட்ட காலி. ஆனா பாதிப்பு தெரிய வருஷக்கணக்காகும்.

1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் பிகினி தீவுத்திட்டில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதனை நடத்தியது. பக்கத்து ரோங்கெலாப் தீவில் சாம்பல் வெள்ளைப் பொடியா விழுந்தது. அங்கே முதல் தைராய்டு கட்டியைக் கண்டுபிடிச்சது 1963-ல். அன்னைக்குப் பத்து வயசுக்குள்ள இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானவங்களுக்குப் பின்னாடி கட்டி வந்தது. (அதே 1954-லதான் நம்ம புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் கேன்சர் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினாங்க. ரெண்டு தேதியையும் சேர்த்துப் பார்த்ததும் என்னவோ மாதிரி ஆயிடுச்சு.)

அடுத்து செர்னோபில், 1986 ஏப்ரல் 26. காற்றில் வந்த அயோடின் புல்லில் படிஞ்சது, புல்லை மாடு மேஞ்சது, பாலைக் குழந்தைங்க குடிச்சாங்க. குழந்தையோட சுரப்பி சின்னது. அதே அளவு அயோடின் போனாலும் அதுமேல விழற கதிர்வீச்சு அதிகம். பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில், அப்போ பதினெட்டு வயசுக்குள்ள இருந்தவங்களில் 2005 வரைக்கும் 6,000-க்கும் மேல் தைராய்டு புற்றுநோய் பதிவானது. அதில் பெரும்பங்குக்கு அந்தப் பால் காரணம். இறந்தவங்க 15 பேர். இது சிகிச்சைக்குக் கட்டுப்படற புற்றுநோய். ஆனா ஆபரேஷன், கழுத்துத் தழும்பு, ஆயுசுக்கும் மாத்திரை.

பக்கத்து நாடான போலந்து சில நாட்களுக்குள் சுமார் ஒரு கோடி குழந்தைகளுக்கு அயோடின் கொடுத்தது. கூடவே புதுப்பாலையும் கட்டுப்படுத்தி, சின்னப் பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கொடுத்தது. சுரப்பியை நல்ல அயோடினால முதல்லயே நிரப்பிட்டா, கெட்டதுக்கு இடமிருக்காது. ஃபார்வர்டில் இருக்கிற பாதி உண்மை இதுதான்.

இப்ப உப்புக் கணக்கு. கடை உப்பில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்கணும் என்பது விதி. பெரியவங்களுக்கான பொட்டாசியம் அயோடைடு மாத்திரை 130 மில்லிகிராம். அதில் அயோடின் சுமார் 100. வகுத்துப் பாருங்க: ஆறரை கிலோ உப்பு! அதுல கால்வாசி சாப்பிட்டாலே தைராய்டைப் பத்திக் கவலைப்பட ஆள் இருக்காது.

மாத்திரையையும் நாமளா போடக் கூடாது. கதிர்வீச்சு வர்றதுக்குச் சற்று முன்னாடியோ, வந்து ஓரிரு மணி நேரத்துக்குள்ளயோ, அரசு சொன்னதும் போடணும். குழந்தைங்க, கர்ப்பிணிகள், பாலூட்டற அம்மாக்கள் முதல்ல. நாற்பது தாண்டினவங்களுக்குப் பலன் குறைவு. சீசியம் மாதிரி மற்ற கதிரியக்கப் பொருட்களுக்கு இது உதவாது.

தினசரி உப்பு வீணா? இல்ல. செர்னோபில் சுற்றுவட்டாரத்தில் அயோடின் குறைபாடு இருந்த ஊர்களில், அதே கதிர்வீச்சுக்குப் புற்றுநோய் ஆபத்து சுமார் மூணு மடங்கு என்று 2005-ல் வந்த ஓர் ஆய்வு சொல்லுது. பசியோட இருக்கிற சுரப்பி எதையும் அள்ளிக்கும். அதனால அறந்தாங்கி நண்பரே, குழம்புக்கு எப்பவும் போடற அயோடின் உப்பே போதும். என்னைக்காவது அப்படி ஒரு செய்தி வந்தா, பிள்ளையை வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு, சோதிச்சு அரசு சொல்ற வரைக்கும் உள்ளூர்க் கறவைப்பாலை மட்டும் நிறுத்துங்க. குரூப்பில் இதைப் போட்டுடுங்க.